27 வருட மாருதியை அப்பா ஏன் விடமாட்டேன் என்கிறார்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் புதுப்பாளையத்தில் வீடு. அப்பாவிடம் 1998 மாடல் மாருதி 800. நெல்லிக்குப்பத்துக்கு வேலைக்குப் போய்வந்த காலம் முழுக்க அதில்தான் போனார். இப்போது அவர் ரிட்டையர் ஆகிவிட்டார், நீங்கள் புது கார் வாங்கியிருக்கிறீர்கள், போர்ட்டிகோவில் இரண்டுக்கும் இடமில்லை. பழையதை விற்றுவிடலாம் என்று சொன்னதிலிருந்து அவர் சரியாகப் பேசவில்லை. "வெறும் இரும்பு மேல இவ்வளவு பாசம் இருக்குமா, இல்ல இது வயசானா வர்ற பிடிவாதமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கும். வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். அடிபட்ட காரையும், அதன் பக்கத்தில் நிற்கிற ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்கிற வேலை. இருபத்தைந்து வயதுப் பையன்கள் பம்பர் உடைந்ததற்குக் கண் கலங்கியதையும் பார்த்திருக்கிறேன், எழுபது வயதுக்காரர் "போகட்டும் சார், இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்று நடையைக் கட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்கிற பதில், நினைவுகள். கல்யாணத்துக்குப் போனது, பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தது, வடலூர் தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு போனது. பொய் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த நினைவுகள் எல்லாவற்றிலும் நீங்களும் பின் சீட்டில் இருந்தீர்கள். அம்மா முன் சீட்டில் இருந்தார். நினைவுதான் காரணம் என்றால் உங்களுக்கும் அந்த வண்டியை விடமுடியாமல் இருக்கவேண்டுமே? உங்களுக்கு விற்கத் தோன்றுகிறது, அம்மாவும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மட்டும் முடியவில்லை. அவருக்கும் உங்களுக்கும் ஒரே வித்தியாசம், ஸ்டியரிங் யார் கையில் இருந்தது என்பதுதான். அங்கேயிருந்துதான் இதைப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு லாரன்ஸ் ரோட்டில் கார் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் தள்ளுவண்டி, ஒரு பக்கம் ஷேர் ஆட்டோ, எதிரில் பஸ். பழகிய டிரைவர் அதில் ஒரு சாண் இடைவெளியில் வண்டியை நுழைத்து எடுத்துவிடுவார். கண்ணாடியைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். இடது பக்க மூலை எங்கே முடிகிறது என்பது அவருக்குத் தோலில் தெரியும். 1996ல் ஜப்பானில் அட்சுஷி இரிகி என்பவரின் குழு குரங்குகளை வைத்து ஒரு ஆய்வு செய்தது. எட்டாத தூரத்தில் இருக்கும் தீனியை ஒரு சின்ன வாருகோலால் இழுத்து எடுக்கக் குரங்குகளைப் பழக்கினார்கள். அதுவரை கைக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் கவனித்துவந்த மூளைச் செல்கள், பழகிய பிறகு, கோலின் நுனி வரைக்கும் கவனிக்க ஆரம்பித்தன. கோல் கையின் நீட்சி ஆகிவிட்டது. குரங்கின் கோலிலிருந்து மனிதனின் காருக்கு நேராகத் தாவிவிடக் கூடாதுதான். ஆனாலும் விபத்துக்குப் பிறகு ஸ்டேட்மென்ட் எழுதித் தரச் சொன்னால், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாதவர்கள் "பின்னால் வந்த டெம்போ என்னை இடித்துவிட்டது" என்றுதான் எழுதுவார்கள். பக்கத்து சீட்டில் இருந்தவர் "எங்கள் காரை" என்று எழுதுவார்.

உங்கள் அப்பாவின் வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. ரோட்டில் இருக்கிற சின்னக் கல்லும் கைக்கு வந்து சேரும். 796 சிசி, மூன்று சிலிண்டர், 98 மாடலில் பெட்ரோலையும் காற்றையும் கலந்துவிடும் கார்புரேட்டர்தான், அதனால் குளிரில் சோக் (காற்றைக் குறைக்கும் பிடி) இழுத்து ஸ்டார்ட் பண்ணவேண்டும். கடலூர்–பண்ருட்டி ரோட்டில் வருடக்கணக்கில் அந்த அதிர்வைக் கையில் வாங்கியவருக்கு அது தன் உடம்பின் ஓரமாக ஆகியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இது பாதிதான். மீதிப் பாதி, வண்டியின் கோளாறுகளில் இருக்கிறது. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

ஒருநாள் அவரிடம் அந்த வண்டியை எப்படி ஓட்டவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். மார்கழிக் காலையில் சோக்கை முக்கால்வாசிதான் இழுக்கணும், முழுசா இழுத்தா பிளக் நனைஞ்சுடும், ஆக்சிலரேட்டரைத் தொடாம செல்ஃப் அடி என்பார். செகண்ட் கியர் போடும்போது நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தினால்தான் விழும் என்பார். பின் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும், பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டினா அது ரிசர்வ்னு அர்த்தம், ஏசி போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறாதே. பத்து வருடத்துக்கு மேல் ஒரே ஆள் ஓட்டிய எந்தக் காருக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. கம்பெனி கொடுத்த புத்தகத்தில் அது இருக்காது. மெக்கானிக்குக்குக்கூடப் பாதிதான் தெரியும். நீங்கள் எடுத்தால் தெருமுனையில் நின்றுவிடும், அவர் எடுத்தால் ஓடும். பழைய விறகடுப்பு மாதிரி, ஊதத் தெரிந்தவருக்குத்தான் எரியும். தான் இல்லாவிட்டால் ஓடாத ஒரு பொருளின்மேல் மனிதனுக்குப் பற்று வராமல் எப்படி இருக்கும்?

குறையே இல்லாத வண்டியிடம் இந்த நெருக்கம் வர வழி குறைவு. உங்கள் புது காரில் பட்டனை அழுத்தினால் போதும், எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் ஓட்டினாலும் நான் ஓட்டினாலும் அது ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதற்கு உங்களைத் தெரியாது. (இளவட்டங்கள் புது வண்டியை வாங்கியவுடன் அலாய் வீல், ஃபிலிம், ஹார்ன் என்று மாற்ற ஓடுவது இதற்காகத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தன் கை பட்ட அடையாளம் எதையாவது அதில் வைக்கவேண்டும் என்று தோன்றுகிறது போல.)

நம் ஊரில் இதோடு உப்புக்காற்றும் சேர்கிறது. கடலோரத்தில் காரை வைத்திருப்பதே தினப்படி வேலை. இரும்பும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் துரு எவ்வளவு வேகமாக ஏறும் என்பது தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ வீடு இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டாம். துரு மேலே தெரிகிற இடத்தில் ஆரம்பிக்காது. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைபட்டிருக்கும், அங்கே ஆரம்பிக்கும். மட்கார்டின் உள்மடிப்பில், ரன்னிங் போர்டுக்குள், டிரைவர் காலடியில் மேட்டுக்குக் கீழே வரும். பெயிண்டில் சின்னக் கொப்புளம் வந்தால் உள்ளே தகடு ஏற்கெனவே அரைவாசி போய்விட்டது என்று அர்த்தம். பத்து வருடத்தைத் தாண்டிய கடலோரக் காரை நல்ல நிலையில் பார்த்தால், யாரோ ஒருவர் வாராவாரம் அதன் கீழே குனிந்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். தகரம் வெட்டி வெல்டு வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடி அடுத்த மழையில் அதே இடத்தில் கொப்புளம். 27 வருடம் இந்தப் போரை நடத்தியவரிடம் போய், "இது இருபதாயிரத்துக்குக்கூடப் போகாதுப்பா" என்று சொன்னால் அவர் காதில் விழுவது வண்டியின் விலை மட்டும் இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை, பழைய ஆட்கள் பழைய என்ஜின் ஆயிலை வண்டி அடியில் அடிப்பார்கள். துருவுக்குக் கொஞ்சம் தாங்கும், ஆனால் சஸ்பென்ஷன் புஷ் ரப்பரையெல்லாம் ஊறவைத்துக் கெடுத்துவிடும். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

சொந்தக்காரன் என்ற உரிமையால்தான் இந்தப் பாசம் வருகிறது என்று நினைப்பவர்கள் சம்பள டிரைவர்களைக் கவனித்ததில்லை. மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை அம்பாசடர் தயாரானது. புதுச்சேரியில் அரசு ஆபீஸிலும் டிராவல்ஸிலும் ரொம்ப காலத்துக்கு அதுதான் ராஜா. கை கியர் வைத்த பழைய அம்பாசடரில் பிளாட்டினம் பாயிண்ட் (ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனை) தேய்ந்தால் தானே உரசி, சந்து சரிபார்த்து, என்ஜின் விட்டுவிட்டு அடிக்காமல் ஓடவைத்த டிரைவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் முதலாளி பெயர், வண்டியின் குணம் முழுக்க டிரைவர் மண்டையில். விபத்து நடந்த இடத்துக்குப் போனால் முதலாளியின் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு கிடைக்கும்?" என்பதாக இருக்கும். டிரைவர் கேட்பது, "சேசிஸ் தப்பிச்சுதா சார்?"

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் எனக்கு மரம் விழுந்த கார்கள்தான் வேலை. ஒரு காம்பவுண்டில் தூங்குமூஞ்சி மரக்கிளை விழுந்து கூரை சீட் மட்டத்துக்கு அமுங்கிப்போன டிராவல்ஸ் அம்பாசடர் ஒன்று. முதலாளி சற்றுத் தள்ளி போனில் இருந்தார். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது டிரைவர் டிக்கியை நெம்பித் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, லீவர், வீல் ஸ்பேனர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, ஒரு சாக்கில் வரிசையாக வைத்தார். அப்புறம் என்னிடம் வந்து, "என்ஜின்ல ஒண்ணும் இல்ல சார். போன மாசம்தான் ரிங் மாத்தினோம். அதையும் எழுதிக்குங்க" என்றார். கூரையும் அதைத் தாங்கும் பில்லரும் அப்படிப் போன வண்டிக்கு என்ஜின் நன்றாக இருப்பதை எழுதுவதால் ஒரு பைசாகூட அதிகம் கிடைக்காது. அவருக்கும் அது தெரியும். எழுதினேன்.

பணக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அப்பாவும் நீங்களும் மோதிக்கொள்ளும் இடம் அதுதான். இன்சூரன்ஸில் ஐடிவி என்று, வண்டியின் இப்போதைய மதிப்பாக ஒரு தொகை போடுவார்கள். புது வண்டி ஆறு மாதத்தைத் தாண்டுவதற்குள் 5 சதவீதம் கழியும், ஒரு வருடத்துக்குள் 15, அப்படியே ஏறி ஐந்தாவது வருடத்தில் 50. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்கிற தொகை. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். பழைய வண்டிக்கு ஐடிவி குறைவு, அதனால் ஒரு கதவும் ஒரு மட்கார்டும் போனாலே கணக்குப்படி "முழு நஷ்டம்". இதைச் சொல்லும்போது ஜனங்களின் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைச் செத்துப்போச்சு என்று சொல்கிறாயே என்பது மாதிரி.

பொருளாதார நிபுணர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் 1990ல் வெளியிட்ட ஆய்வில், காபி கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி.

உங்கள் பிரச்சினைக்கு நேராகப் பொருந்துகிற ஆய்வு வேறு ஒன்று. ஜெஸ்ஸி சாண்ட்லர், நோர்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இருவர் 2010ல் வெளியிட்டது. கார் வைத்திருப்பவர்களிடம் அவரவர் காரின் குணம் எப்படி என்று, ஒரு ஆளைப் பற்றிக் கேட்பதுபோல், கேட்டார்கள். அப்படி யோசிக்க வைக்கப்பட்டவர்களுக்குக் காரை மாற்றும் விருப்பம் குறைந்தது. இன்னும் முக்கியமானது, மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது வண்டியின் தரத்துக்கு அவர்கள் கொடுத்த முக்கியத்துவமும் குறைந்தது. புரிகிறதா? நீங்கள் மைலேஜ் இல்லை, ஏர்பேக் இல்லை, ஸ்பேர் கிடைக்கவில்லை என்று அடுக்கிய காரணம் எதுவும் அப்பாவிடம் ஏறாததற்கு அவர் பிடிவாதம் காரணம் இல்லை. பொருளுக்குச் சொல்லவேண்டிய காரணங்களை, அவர் பொருளாகப் பார்க்காத ஒன்றுக்குச் சொன்னீர்கள்.

காரின் முன்பக்கத்தில் முகம் தெரிவது இதற்கு உதவுகிறது. ஹெட்லைட் கண், கிரில் வாய். வியன்னாவில் 2008ல் வெளியான ஓர் ஆய்வில், கார் முகப்புப் படங்களைப் பார்த்து இது கோபக்காரன், இது சாது, இது குழந்தை என்று சொல்வதில் பலர் ஒத்துப்போனார்கள். மாருதி 800 எந்த வகை என்று நான் சொல்லவேண்டாம்.

நம் பக்கத்துப் பூஜைகளைப் பார்த்துவிட்டு, சாமி கும்பிடுவதால்தான் நாம் வண்டியை உயிருள்ளதாக நினைக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஷோரூமிலிருந்து நேராக மணக்குள விநாயகர் கோயிலுக்கோ பாடலீஸ்வரர் கோயிலுக்கோ திருவந்திபுரத்துக்கோ போய், நான்கு டயரிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாவியைச் சாமி காலடியில் வைத்து வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அந்த வண்டியை நாலாவது வருடம் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறவர்கள்தான். முதல்நாள் பூஜை பயத்துக்கும் பெருமைக்கும் போடுவது. ஆயுத பூஜை வேறு. அன்றைக்குக் காலையில் வண்டி கழுவுகிற கையைக் கவனித்தால் யார் ஓட்டுகிறவர், யார் உட்கார்ந்து வருகிறவர் என்று தெரிந்துவிடும். உட்கார்ந்து வருகிறவர் கண்ணாடியும் பானெட்டும் துடைப்பார். ஓட்டுகிறவர் ரிம்முக்குள் விரலை விட்டு பிரேக் தூசியை எடுப்பார், பானெட்டைத் திறந்து பேட்டரி முனையில் பூத்த வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவுவார், அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பாசம் எப்போதும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கொலராடோவில் வில்லியம் ஸ்லெம்கோ என்பவர் குழு 2008ல் வெளியிட்ட ஆய்வில், காரில் ஸ்டிக்கர், அலங்காரம் என்று அடையாளம் அதிகமாக வைப்பவர்கள் ரோட்டில் அதிகம் முறைக்கிறவர்களாக இருந்தார்கள். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது சண்டைப் பேச்சா சமாதானமா என்பது முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். பின் கண்ணாடி முழுக்கப் பிள்ளைகள் பெயர், கட்சிக் கொடி, வேலை பார்க்கும் துறையின் பெயர் என்று ஒட்டிக்கொண்டு ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் விடாமல் ஹார்ன் அடிப்பவரை நானும் நீங்களும் பார்த்ததுண்டு. வண்டி என் எல்லை, என் வீடு என்று ஆனபிறகு, முன்னால் குறுக்கே வருகிறவன் வீட்டுக்குள் நுழைந்தவன் ஆகிவிடுகிறான்.

அதைவிடப் பெரிய ஆபத்து, நம்பிக்கை. ஆடம் வேட்ஸும் கூட்டாளிகளும் 2014ல் வெளியிட்ட ஒரு சோதனை. தானே ஓடும் காரின் சிமுலேட்டரில் ஆட்களை உட்காரவைத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் காருக்கு ஐரிஸ் என்று பெயரும் பெண் குரலும் கொடுத்தார்கள். அந்தக் குழு காரை அதிகம் நம்பியது, தவிர்க்கமுடியாத விபத்து வந்தபோதும் காரைக் குறைவாகவே குறை சொன்னது. "என் வண்டி என்னைக் கைவிடாது" என்பது நம் ஊர் டிரைவர்கள் பலரும் சொல்வது. கைவிடாத வண்டி எதுவும் கிடையாது. பிரேக் ஹோஸ் ரப்பர், டயர் பக்கவாட்டு வெடிப்பு, டிரைவர் காலடித் தகட்டின் துரு இதையெல்லாம் பாசக்கண் பார்ப்பதில்லை. உங்கள் அப்பாவின் வண்டியில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. அதன் தகடு மோதலைத் தாங்க வடிவமைத்த காலத்துத் தகடும் இல்லை, இதில் துரு வேறு.

பாசமே வண்டியைக் கொன்றதை ஃபெஞ்சல் புயல் சமயத்தில் நிறையப் பார்த்தேன். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் புயல் கரையேறியது, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் கார்கள் கதவுக் கைப்பிடி வரை தண்ணீரில் நின்றன. அடுத்து சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. தண்ணீரில் சும்மா நின்ற என்ஜினைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றி எடுத்துவிடுவார்கள். ஆனால் தண்ணீர் வடிந்ததும் சொந்தக்காரர் செய்கிற முதல் காரியம், சாவியைப் போட்டு செல்ஃப் அடித்துப் பார்ப்பது. உயிர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமே! சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கே உடையும். தண்ணீர் புகுந்தது வெள்ளச் சேதம், ராடு வளைந்தது ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம். சாதாரண பாலிசியில் இரண்டாவதற்குப் பணம் கிடைக்காது, என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்து எடுத்திருந்தால்தான் உண்டு. இதை எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன். "ஒரே ஒரு தடவைதான் சார் அடிச்சேன்" என்பார்கள்.

சரி, இப்போது நீங்கள் என்ன செய்யலாம்.

அவசரம் இல்லை என்பது முதல் விஷயம். டெல்லியில் இருக்கிற 10 வருட, 15 வருடக் கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை. 98 வண்டிக்குப் பதினைந்து வருடம் 2013ல் முடிந்திருக்கும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருப்பார், அடுத்தது 2028. அதுவரை தாராளமாக ஓட்டலாம். ஆனால் கட்டணம் முன்புபோல் இல்லை. கார் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். இந்தத் தொகையை அப்பாவிடம் வாதமாக வைக்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். அவர் கணக்குத் தெரியாதவர் இல்லை.

இரண்டாவது, புது காரின் சாவியை அவர் கையில் கொடுங்கள். சும்மா மரியாதைக்கு ஒருநாள் ஓட்டச் சொல்வதைச் சொல்லவில்லை. டயர் காற்று, வாஷர் தண்ணீர், சர்வீஸ் தேதி எல்லாம் அவர் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். அந்த வண்டிக்கும் ஒரு கோளாறுப் பட்டியல் வரும், அதை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். இதுவரை அவருக்கு அந்தக் காரில் என்ன இடம்? முன் சீட்டில் உட்கார்ந்து "பார்த்துப் போ, பார்த்துப் போ" என்று சொல்கிற இடம். இருபத்தேழு வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு அது பதவி இறக்கம். பாதிக் கோபம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியும் ஒருநாள் அவரே சம்மதித்து விற்பதானால், ஆளை அவர் தேர்ந்தெடுக்கட்டும். ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தால் குறையட்டும். ஓட்டக் கற்றுக்கொள்கிற பையனோ, பழைய 800 வைத்துப் பராமரிக்கிற ஆளோ வந்தால் அவர் அந்தப் பட்டியலை ஒப்படைக்க ஒரு காது கிடைக்கும். ஆனால் பாசத்தில் பேப்பர் வேலையைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, ஆர்.சி. பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கவேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வாங்குகிறவர் ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடைக்காரராக இருந்தால், பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்றாலும் அது வேறு மாநிலம். பிஒய் (புதுச்சேரி) நம்பருக்கு மாற்ற இங்கே ஆர்டிஓ ஆபீஸில் தடையின்மைச் சான்று வாங்கவேண்டும்.

உடைக்கப் போடுவதானால் தெருமுனைப் பழைய இரும்புக்கடைக்குக் கொடுக்காதீர்கள். அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து, அதற்கான சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நம்பர் எங்கே எந்த வண்டியில் ஓடும் என்று சொல்லமுடியாது. கொடுப்பதற்கு முன்னால் டேஷ்போர்டுப் பிள்ளையார், சாவிக்கொத்து, ஸ்டியரிங் கவர் இதெல்லாம் அவர் எடுத்துக்கொள்வார், கேலி செய்ய வேண்டாம். முழு நஷ்டம் என்று எழுதின வண்டிகளிலிருந்து ஜனங்கள் எடுத்துப்போன சாமான்களில் விலையுள்ளது என்று எதையும் நான் பார்த்ததில்லை.

இப்போதைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவானால், இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு வேலை பாருங்கள். டிரைவர் பக்க மேட்டைத் தூக்கி, ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் தரைத் தகட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீர் என்று கேட்டால் பயமில்லை. மொத்தென்று கேட்டாலோ தகடு அமுங்கினாலோ வண்டியை வெளியே எடுக்காமல் வெல்டிங்குக்கு விடுங்கள். பிரேக் ஹோஸ்களையும் டயர் நாலையும் அதே நாளில் பார்த்துவிடலாம். எந்த டிங்கர் கடைக்குப் போவது என்று என்னைக் கேட்காதீர்கள், அது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.